எங்கள் மொட்டைமாடிகளில் எதுவும் சாகவில்லை

இன்ஷிராஹ் அக்கா வான்கோழிக்குப் பயப்படுவார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வேறு எதற்கும் அவர் பயந்து எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை. நீல நிற ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, கைப்பிடிச் சுவர் இல்லாத மாடிப்படிகளில் அங்கியை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி விறுவிறுவென்று ஏறுவார். மேலே ஒரு வான்கோழிச் சேவல் கழுத்தைச் சிவப்பாக்கிக்கொண்டு நின்றால் மட்டும் பாதிப் படியிலேயே நின்று கத்துவார்.

"அந்த ஷைத்தானைப் பிடிச்சுக் கட்டுங்க! கட்டினாத்தான் மேல வருவேன்!"

"ஊசி வச்சிருக்கிறது நீயா, அதுவாடி?" என்று கேட்டுச் சிரிப்பார்கள் மேலே நிற்கும் பெண்கள்.

எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு மொட்டைமாடியில் வளர்க்கும் கோழி வாத்துகளுக்கு அவர்தான் தடுப்பூசி போடுகிறவர். ஊர்ப் பெண்களில் பாதிப்பேரைப் போல வணிகப் பள்ளியில் டிப்ளமா வாங்கிவிட்டுச் சும்மா இருந்தவர்தான். கணவர் மஹ்ரூஸ் மாமா ஆட்டோ ஓட்டுகிறார். கால்நடை மருத்துவமனையிலிருந்து ஊசி போட ஊருக்கு ஒரு பெண் வேண்டும் என்று கேட்டபோது, வேறு யாரும் போகாததால் அக்கா போனார்.

யாரும் போகாததற்குக் காரணம் உண்டு. பறவைக் காய்ச்சல் வந்த வருஷங்களில் வெள்ளை உடை போட்ட ஆட்கள் எங்கள் மாடிகளில் ஏறி, நன்றாக இருந்த பறவைகளையும் சாக்கில் அள்ளிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு பெட்டியோடு யார் வந்தாலும் கதவு திறக்காது. வாத்துகள் கட்டிலுக்கு அடியில் போய்விடும். ஒரு வீட்டில் அலமாரியைத் திறந்து துணி எடுக்கப் போக, உள்ளிருந்து தாய்க்கோழி பறந்து வந்தது. அந்தக் கதவுகளை இன்ஷிராஹ் அக்கா ஒவ்வொன்றாகத் திறந்தார். எப்படி என்றால், தன் வாத்துக்கு முதலில் ஊசி போட்டு, அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்க் காட்டினார். "என் பேரை நம்புங்க. ஏதாவது ஆச்சுன்னா என் மாடிக்கு வந்து ஒண்ணுக்கு ரெண்டா எடுத்துட்டுப் போங்க" என்றார். அவரிடம் இருந்ததே அந்தப் பேர்தான். வேறு எதை நம்பியும் யாரும் கதவு திறக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் குளிர்காலத்தில் பறவைகளுக்கு ஒரு காலரா வரும். மனிதருக்கு வருவது வேறு, இது வேறு. இதுவும் ஒரு பாக்டீரியாதான். காலையில் தீனி தின்ற வாத்து மதியம் தலையைத் தொங்கப் போடும், வாயிலிருந்து கோழை வடியும், சாயங்காலம் இருக்காது. நகரத்து ஆய்வகத்தில் டாக்டர் ரஷ்வான் என்று ஒருவர் இதற்கு ஒரு தடுப்பூசி உருவாக்கிக்கொண்டிருந்தார். வெளிநாட்டு ஊசி நம் கிருமிக்குச் சரிவராது, நம் ஊர்க் கிருமியை வைத்தே செய்ய வேண்டும் என்பது அவர் எண்ணம். அதனால் கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற ஹாஜ் ஷலபியின் கோழிப்பண்ணையில் செத்த பறவைகளை வாங்கிப்போய், அவற்றின் ஈரலிலிருந்து கிருமியைப் பிரித்து வளர்த்து, அதைக் கொன்று, எண்ணெயில் கலந்து புட்டியில் அடைத்தார். பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். அதை எங்கள் ஊர் வாத்துகளுக்குப் போட்டுப் பார்த்து, ஒரு குளிர்காலம் முழுக்கக் கவனித்துச் சொல்லும் பொறுப்பை அக்காவிடம் கொடுத்தார்.

அக்கா இதை வாசலில் நின்று விளக்குவது கேட்க நன்றாக இருக்கும்.

"கிருமியைப் பிடிச்சாச்சு. கொன்னாச்சு. இப்ப அதோட பொணத்தை உன் வாத்துக்குக் காட்டறோம். அது முகத்தைப் பாத்து ஞாபகம் வச்சுக்கும். நாளைக்கு அதே முகம் உசுரோட வந்தா, வாத்து உடம்பே அதை அடிச்சு விரட்டிடும்."

"என் வாத்துக்குள்ள பொணத்தைப் போடறியா? நாசமாப் போறவளே!" என்பார் ரவ்ஹிய்யா. அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர், சின்ன வயதுத் தோழி, ஊரிலேயே பெரிய வாத்துக் கூட்டம் அவர் மாடியில்தான்.

"பொணம்தான்டி. உன் மாமியார் முகத்தை ஒரு தடவை பாத்தவங்க மறப்பாங்களா? அந்த மாதிரி."

ரவ்ஹிய்யா சிரித்துக்கொண்டே வாத்தின் இறக்கைகளைச் சேர்த்துப் பிடிப்பார். அக்கா கழுத்துத் தோலைத் தூக்கி ஊசியை ஏற்றுவார்.

குளிர் தொடங்கியதும் ஷலபியின் பண்ணையில் நோய் விழுந்தது. அவர் ஊசியே வேண்டாம், தண்ணீரில் கலக்கும் மருந்து போதும் என்று சொல்லிவிட்டவர். தினமும் காலையில் பண்ணை ஆட்கள் செத்ததைச் சாக்கில் போட்டுக் கட்டுவதைக் கால்வாய்க்கு இந்தப் பக்கம் நின்று எல்லோரும் பார்த்தோம்.

எங்கள் பக்கத்தில் ஒன்றுமில்லை. அக்கா வியாழக்கிழமை தோறும் வீடு வீடாகப் போய்க் கேட்பார்.

"ஏதாவது செத்துச்சா?"

"ஒண்ணும் சாகலை, அல்ஹம்துலில்லாஹ்."

அடுத்த வீடு. "ஏதாவது செத்துச்சா?"

"சே, சே. வாயைக் கழுவு. சாகவாவது!"

வாரா வாரம் இதே பதில். டாக்டர் ரஷ்வானுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை, பிறகு தூக்கம் வரவில்லை என்று அக்கா சொல்லிச் சிரிப்பார். பண்ணையில் மலை மாதிரிச் சாவு, கால்வாய் தாண்டினால் பூஜ்யம். இதைவிட நல்ல செய்தி ஆய்வகத்துக்கு வருமா? கெய்ரோவில் பெரிய கூட்டம் ஒன்றில் இதைச் சொல்லப் போகிறார், அங்கே சரி என்று சொல்லிவிட்டால் இதே புட்டி மாகாணம் முழுக்கப் போகும் என்று பேச்சு வந்தது. அக்காவின் பெயரையும் சொல்வாராம். மஹ்ரூஸ் மாமா ஆட்டோவில் ஏறுகிறவர்களிடமெல்லாம் இதைச் சொன்னார்.

கூட்டத்துக்கு முந்தின நாள் அக்கா ரவ்ஹிய்யாவின் மாடிக்கு இரண்டாவது ஊசி போடப் போனார். சில வாத்துகளுக்கு அது பாக்கி இருந்தது. ரவ்ஹிய்யா விடவில்லை. "முதல்ல சாப்பாடு, பிறகு பொணம்" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார். முலூகிய்யா கீரை, சோறு, ஒரு முழு வாத்து.

அக்கா ஒரு தொடையைப் பிய்த்தார். வாயில் வைத்தபடியே சிரித்தார்.

"என்னடி, ஊரே பணக்கார ஊர் ஆயிடுச்சா? நேத்து மூலைவீட்டு உம்மு வாயிலோட வீட்டுல வாத்து. முந்தாநாள் நாவிதர் வீட்டுல வாத்து. இன்னிக்கு உன் வீட்டுல. பெருநாளும் இல்லை, கல்யாணமும் இல்லை, யாரும் புள்ளையும் பெறலை. என்ன விசேஷம்?"

"விசேஷம் என்ன விசேஷம். தலையைத் தொங்கப் போட்டுச்சு. கத்தியோட பிடிச்சுட்டேன்."

அக்கா மெல்வதை நிறுத்தினார்.

"எது தலையைத் தொங்கப் போட்டுச்சு?"

"நீ திங்கிறதுதான்."

"இது... நான் ஊசி போட்டதா?"

"என் மாடியில நீ ஊசி போடாதது எது இருக்கு? வான்கோழியைத் தவிர."

அக்கா கையில் இருந்த தொடையைப் பார்த்தார். எழுந்து நின்றார். தொடை தட்டில் விழுந்தது.

"வியாழக்கிழமை கேட்டேனேடி! செத்துச்சான்னு கேட்டேன். இல்லைன்னு சத்தியம் பண்ணினியே!"

"இப்பவும் பண்றேன்! எங்கடி செத்துச்சு?" ரவ்ஹிய்யாவுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "என் வீட்டுல ஒரு பறவை தானாச் செத்து, திங்கக் கூடாத ஹராமாப் போயிருக்கா? நான் என்ன தூங்குமூஞ்சியா? கண்ணு சொருகின உடனே பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்துடுவேன். அறுத்தது செத்ததாகுமா? உன்னை யாரு வளர்த்தா?"

இதுவரை எத்தனை அறுத்தாய் என்று அக்கா கேட்டார். ரவ்ஹிய்யா விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். ஒரு கை முடிந்து மறு கைக்குப் போனதும் அக்கா செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கிவிட்டார்.

அன்று மதியம் அவர் தெருவில் ஓடியதை நான் பார்த்தேன். பெட்டி இல்லை, தலைத்துணி கழுத்தில் கிடந்தது. ஒவ்வொரு கதவையும் உள்ளங்கையால் தட்டினார். "சாகலைன்னு தெரியும். அறுத்தீங்களா? தலை தொங்கி அறுத்தீங்களா?" எங்கள் வீட்டிலும் கேட்டார். அறுத்தோம் என்று என் அம்மா சொன்னார். அதில் என்ன ஒளிவு? யார் வீட்டிலும் ஒளிவு இல்லை. எல்லோரும் சிரித்த முகத்தோடு, கணக்குக் கூடக்கூடப் பெருமையோடு சொன்னார்கள். நாவிதர் மனைவி, ஒரே நாளில் மூன்றை அறுத்து அண்டை வீட்டுக்கெல்லாம் பங்கு அனுப்பியதைச் சொல்லிவிட்டு, "உனக்கும் அனுப்பினேனே, நல்லா இருந்துச்சுன்னு சொன்னியே" என்றார்.

எங்களில் யாருக்குமே இது உறைக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் திகைப்பாக இருக்கிறது. ஊரே வாத்து தின்றுகொண்டிருந்தது. எல்லா வீட்டு வாசலிலும் இறகு. கால்வாயில் இறகு. ஊசி நன்றாக வேலை செய்கிறது, வாத்து பெருகிவிட்டது என்று நானும் நினைத்தேன்.

அக்கா கடைசியாகத் தன் வீட்டுக்குப் போனார். மஹ்ரூஸ் மாமா வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நம்ம மாடியிலயும் அறுத்தியா?"

"ஆமா."

"எப்ப?"

"நீ ஊர் சுத்தப் போறப்பெல்லாம். நீ வந்து பாத்துக்கற வரைக்கும் அது உசுரோட இருக்குமா?" மாமா துணியைப் பிழிந்தார். "கழுத்தை நீதான் கேட்டு வாங்கித் தின்னே. நெய் கம்மின்னு வேற சொன்னே."

அக்கா அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். தெருவில் எல்லோரும் பார்க்க, இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். அழவில்லை. "நானே தின்னிருக்கேன். நானே தின்னுட்டு, நானே சாகலைன்னு சொல்லியிருக்கேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நாளைக்குக் கெய்ரோவில் அவர் பேரைச் சொல்லி, அந்தப் புட்டி ஊர் ஊராகப் போகும். ஒவ்வொரு ஊரிலும் அவரைப் போல ஒருத்தி தன் பேரை அடமானம் வைத்துக் கதவைத் திறக்கச் சொல்லுவாள்.

பிறகு டாக்டருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

"டாக்டர், நான் தப்பான கேள்வி கேட்டுட்டேன்."

"என்னம்மா கேள்வி?"

"செத்துச்சான்னு கேட்டேன். அறுத்தீங்களான்னு கேக்கலை."

லைன் போய்விட்டது என்று மாமா போனை வாங்கப் பார்த்தார். அப்போது டாக்டரின் குரல் வந்தது, யாரிடமோ தனியாகப் பேசுவது போல.

"எங்க அம்மா மாடியிலயும் வாத்து வளர்த்தாங்க. ஒண்ணுகூடச் செத்ததில்லை. ஒண்ணுகூட." பிறகு சட்டென்று கேட்டார், "இப்ப தலை தொங்கின பறவை ஏதாவது இருக்கா? அறுக்காம வேணும். உசுரோடயோ, தானாச் செத்தோ. எனக்கு இன்னிக்கே வேணும்."

அக்கா மாடிக்கு ஓடினார். நாங்களும் பின்னால் ஓடினோம். அங்கே அவருடைய சூடானி வாத்து, கக்கத்தில் இடுக்கி ஊரெல்லாம் காட்டினாரே, அதே பெரிய ஆண் வாத்து, தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றது. அது குவாக் என்று கத்தாது, பாம்பு மாதிரிச் சீறும் ஜாதி. அன்றைக்குச் சீறவில்லை. அலகு நெஞ்சில் முட்டிக்கொண்டிருந்தது. அலகிலிருந்து கோழை நூல் மாதிரித் தொங்கியது.

மஹ்ரூஸ் மாமாவின் கையில் எப்போது கத்தி வந்தது என்று தெரியவில்லை. எங்கள் ஊரில் அந்தக் கை தானாகவே போகும்.

"நகரு, நகரு, கண்ணு சொருகுது!"

அக்கா வாத்துக்கும் கத்திக்கும் நடுவில் வந்து நின்றார். "தொடாதே."

"செத்துடும்டி!"

"சாகட்டும்."

மாடிப்படியில் நின்ற பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்தது எனக்குக் கேட்டது. எங்கள் ஊரில் யாரும் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. உயிர் இருக்கிறபோது அறுக்காமல், கண் முன்னால் சாக விடுவதா? அது பறவைக்கும் பாவம், சோற்றுக்கும் பாவம்.

"இன்ஷிராஹுக்குப் புத்தி போச்சு" என்றார் உம்மு வாயில்.

"அது என்ன பாவம் பண்ணிச்சு? ஒரு வெட்டுல முடியறதை இழுக்க விடறியே" என்றார் நாவிதர் மனைவி.

ரவ்ஹிய்யா பெண்களை விலக்கிக்கொண்டு மேலே வந்தார். கையில் அக்காவின் செருப்பு இருந்தது. அதைக் கொடுக்கத்தான் வந்திருக்கிறார். அவர் மெதுவாக மஹ்ரூஸ் மாமாவின் கையிலிருந்து கத்தியை வாங்கி, தன் அங்கிக்குள் வைத்துக்கொண்டு, "வண்டியை எடு" என்றார்.

மீதியை அக்கா சொல்லியும் மாமா சொல்லியும் கேட்டதுதான். ஆட்டோவில் வாத்து அக்காவின் மடியில் இருந்தது. நகரம் வருவதற்குள், ரயில் தண்டவாளத்தைத் தாண்டும்போது, ஒரு தடவை காலை நீட்டியது. அவ்வளவுதான். மாமா கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை ஓரம் கட்டினாராம். அவர் வாழ்க்கையில் தன் வீட்டுப் பறவை ஒன்று கத்தி இல்லாமல் செத்து அன்றுதான் பார்த்தார். "என்னமோ மாதிரி இருந்துச்சு. யாரோ திருடிட்டாப்ல இருந்துச்சு" என்றார்.

டாக்டர் ரஷ்வான் செத்த வாத்தின் வயிற்றைப் பிளந்து ஈரலைக் காட்டினார். ஈரல் முழுக்க ரவையைத் தூவினது போல் வெள்ளைப் புள்ளிகள். அந்த நோய்தான், சந்தேகமே இல்லை. பிறகு கெய்ரோவுக்குப் போன் போட்டு, "நான் நாளைக்குப் பேசலை. என்கிட்ட முடிவே இல்லை" என்றாராம். அந்தப் பக்கம் யாரோ கத்தினார்கள். அவர் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கிருமியை வளர்த்துப் பார்த்துச் சொல்ல அவருக்குக் கொஞ்ச நாள் ஆனது. சொன்னபோது அக்கா இரண்டாவது முறை தலையில் அடித்துக்கொண்டார். நோய் ஒன்றுதான், ஆனால் கிருமி வேறு ரகம். பண்ணையில் இருந்தது ஒரு ரகம், எங்கள் மாடிகளில் இருந்தது இன்னொரு ரகம். ஒன்றைக் கொன்று செய்த ஊசி மற்றதைத் தடுக்காது.

"அப்ப எங்க முகத்தை விட்டுட்டு, பக்கத்து வீட்டான் முகத்தைக் காட்டியிருக்கோம்" என்றார் அக்கா.

"ஆமா."

"ஏன் டாக்டர் பண்ணையிலேருந்து எடுத்தீங்க? எங்க மாடியிலேருந்து எடுத்திருக்கலாமே?"

"கேட்டேனேம்மா. முதல் வருஷமே உங்க ஊர்ல செத்த வாத்து கேட்டு ஆள் அனுப்பினேன். ஒண்ணுகூடக் கிடைக்கலை. உங்க ஊர்ல எதுவும் சாகறதில்லைன்னு சொல்லி அனுப்பிட்டாங்க."

ஊசியில் தவறான கிருமி போனதும் அந்த ஒரு பதிலால்தான். அது தவறான கிருமி என்று தெரியாமல் போனதும் அதே பதிலால்தான். யாரும் பொய் சொல்லவில்லை.

அடுத்த வியாழக்கிழமை அக்கா பெட்டி இல்லாமல் கதவு கதவாகப் போனார். நான் போட்டது சரியான ஊசி இல்லை, என் பேரைச் சொல்லிப் போட்டேன், வேண்டியவர்கள் என் மாடிக்கு வந்து வாத்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். சிலர் கதவைச் சாத்தினார்கள். உம்மு வாயில் நிஜமாகவே போய் இரண்டு வாத்து எடுத்துக்கொண்டு வந்தார். அதிலும் பெரியதாகப் பார்த்து எடுத்தார். "மறுபடியும் பெட்டியோட இந்தப் படி ஏறினே, வான்கோழியை அவிழ்த்து விட்டுடுவேன்" என்று ஒருவர் சொன்னார். அக்கா அடுத்த கதவுக்குப் போனார்.

புதுப் புட்டி அடுத்த குளிருக்கு முன்னால் வந்தது. அக்காவின் வாத்திலிருந்து எடுத்த கிருமி. டாக்டர் அதற்கு ஏதோ எண் கொடுத்திருந்தார், ஆனால் ஊரில் எல்லோரும் அதை 'இன்ஷிராஹ் வாத்து' என்றுதான் சொன்னார்கள். இந்தத் தடவை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சில தெருக்களுக்கு இப்போது, சில தெருக்களுக்குப் பிறகு என்று பிரித்தார்கள். முதலில் கதவைத் திறந்தது ரவ்ஹிய்யா. "என் வாத்துகளுக்கு உன் வாத்தோட பொணத்தையே காட்டு. தெரிஞ்ச முகம்" என்றார். அவர் திறந்தபின் பக்கத்து வீடு திறந்தது. எல்லாக் கதவும் திறக்கவில்லை. உம்மு வாயில் வீட்டுக் கதவு இன்னும் மூடித்தான் இருக்கிறது.

குளிர் வந்தது. இப்போது அக்கா வாசலில் நின்று செத்ததைப் பற்றிக் கேட்பதில்லை, அறுத்ததைப் பற்றியும் கேட்பதில்லை. அறுத்தீர்களா என்று கேட்டால் பொய் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். வேறு ஒன்று கேட்கிறார்.

"இந்த வாரம் என்ன சமைச்சீங்க?"

"பருப்பு."

"அடுத்த நாள்?"

"அவரை. அதுக்கு அடுத்த நாள் பருப்பு. எங்களைப் பருப்புத் திங்க வச்சுக் கொல்றியேடி, உன் ஊசி நாசமாப் போக!"

ஊசி போட்ட தெருவில் பருப்பு, அவரை, கத்தரிக்காய். ஊசி போடாத தெருவில் வாத்து, வாத்து, மறுபடியும் வாத்து. ஒவ்வொரு பருப்புக்கும் அக்கா அல்ஹம்துலில்லாஹ் சொல்வார். டாக்டர் இன்னும் கெய்ரோவில் எதையும் சொல்லவில்லை, இன்னொரு குளிரையும் பார்க்க வேண்டுமாம்.

போன வியாழக்கிழமை ரவ்ஹிய்யாவின் வாசலில் நானும் இருந்தேன்.

"என்ன சமைச்சே?"

"வாத்து."

அக்காவின் முகம் வெளுத்துப்போனது. சுவரைப் பிடித்துக்கொண்டார். ரவ்ஹிய்யாவே பயந்துவிட்டார். "அடியே, பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தாங்கடி! பருப்பா ஊத்துவேன்?"

அக்கா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ரவ்ஹிய்யாவின் இரண்டு தோளையும் பிடித்து, கண்ணுக்குள் பார்த்துக் கேட்டார்.

"கத்தி எடுக்கறப்ப அதோட தலை நிமிர்ந்து இருந்துச்சா?"

"என் கையைக் கடிச்சுச்சு" என்றார் ரவ்ஹிய்யா, கையைக் காட்டி.

அக்கா அந்தக் கையை வாங்கி, காயத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் படியிறங்கினார்.